தூண்டிலில் மாட்டிய கணமே கணக்கு

ஒரு படகுக்கு, ஒரு நாளைக்கு, ஒரு மீன். மத்தியதரைக் கடலில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் நீலத்துடுப்புச் சூரையைப் பிடிப்பதற்கான பன்னாட்டு விதியின் சாரம் இவ்வளவுதான். மீன் குறைந்தது 30 கிலோ எடையோ 115 சென்டிமீட்டர் நீளமோ இருக்க வேண்டும். பிடித்ததை விற்கக் கூடாது. படிக்க எளிமையாகவும் கண்டிப்பாகவும் இருக்கும் இந்த விதியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. படகுக்குள் ஏற்றிய மீனைத்தான் அது எண்ணுகிறது. தூண்டிலில் மாட்டி, அரை மணி நேரம் போராடி, களைத்துப் படகின் பக்கவாட்டுக்கு வந்து, பின் கடலில் விடப்படும் மீன் அந்த எண்ணிக்கையில் வராது. காலையிலிருந்து மாலைக்குள் ஒரு படகில் 1 மீன் மாட்டினாலும் 8 மீன் மாட்டினாலும், கரைக்கு எதுவும் வராவிட்டால் ஒதுக்கீட்டுக் கணக்கில் பூஜ்யம்தான். அந்தப் பூஜ்யம் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். விளையாட்டு மீன்பிடிக்குச் சரியான அளவுகோல் கரைக்கு வந்த மீன் அல்ல, தூண்டிலில் மாட்டிய மீன். மீன்பிடிப்போரை விரட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. அழிவின் விளிம்பிலிருந்து நீலத்துடுப்புச் சூரை மீண்டு வந்த கதையே இந்தப் பாடத்தைத்தான் சொல்கிறது.

இதைப் பேசத் தெற்கு பிரான்சின் சேத் நகரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். பதினான்காம் லூயி மன்னன் காலத்தில், 1666இல், துறைமுகமாகத் தொடங்கப்பட்ட ஊர் இது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன தோ உப்பங்கழி. இரண்டையும் இணைக்கும் கால்வாய்கள் ஊருக்கு நடுவே ஓடுகின்றன. வெளியே விரிந்திருப்பது லயன் வளைகுடா. ரோன் ஆறு கொண்டுவந்து கொட்டும் சத்தும், வடமேற்கிலிருந்து சீறி வரும் மிஸ்ட்ரால், திராமொந்தான் காற்றுகள் ஆழத்திலிருந்து புரட்டிவிடும் குளிர்ந்த நீரும் சேர்வதால், பொதுவாகச் சத்துக் குறைந்த மத்தியதரைக் கடலில் இந்த வளைகுடா ஒரு வளமான மூலை. மத்தியும் நெத்திலியும் இங்கே பெருந்திரளாக இருக்கும். ஜூன் மாதவாக்கில் பலேரிக் தீவுகளை ஒட்டி முட்டையிட்டு முடித்த சூரைகளும், இன்னும் பருவமடையாத இளஞ்சூரைகளும் அந்தத் திரளைத் தேடி வருகின்றன. கோடையின் பிற்பகுதியில், கரையிலிருந்து சில கடல் மைல் தொலைவிலேயே கடல் திடீரென்று கொதிக்கும். மேலே பறவைகள் குத்திட்டு விழும், கீழே மத்திக்கூட்டத்தைச் சூரைகள் வளைத்துத் துரத்தும். அந்தக் கொதிப்பின் ஓரத்தில் பொய் இரையை வீசுகிறவர்கள் ஒரு வகை. படகை அலையில் மிதக்கவிட்டு, வெட்டிய மத்தித் துண்டுகளைச் சிறிது சிறிதாகத் தூவி மீனை வரவழைக்கிறவர்கள் இன்னொரு வகை. பின்னதற்கு அவ்வூர்க்காரர்கள் புரூமே என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த மீனின் உடலைத் தெரிந்துகொள்ளாமல் விதியை எடைபோட முடியாது. பெரும்பாலான மீன்களின் உடல் சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையே கொண்டிருக்கும். நீலத்துடுப்புச் சூரை அப்படியல்ல. தசைகள் உழைக்கும்போது உண்டாகும் சூட்டை, அருகருகே எதிரெதிராக ஓடும் ரத்தக்குழாய்களின் வலைப்பின்னல் வழியாகத் தனக்குள்ளேயே திருப்பிக்கொள்ளும். அதனால்தான் அட்லாண்டிக்கின் குளிரிலும் அது வேகமாக நீந்துகிறது. முழு வளர்ச்சி அடைந்தால் 3 மீட்டர் நீளம், 600 கிலோவுக்கு மேல் எடை. தூண்டிற்கோலில் பிடிபட்டவற்றில் மிகப் பெரியதாகப் பதிவானது 1979இல் கனடாவின் நோவா ஸ்கோஷியா அருகே பிடிக்கப்பட்ட 679 கிலோ மீன். இவ்வளவு வலிமையான மீனுக்கு ஒரு பெரும் பலவீனம் உண்டு. செவுளை அசைத்து நீரை உறிஞ்சும் திறன் அதற்கு இல்லை. வாயைத் திறந்தபடி முன்னோக்கி நீந்தினால்தான் செவுளுக்குள் நீர் பாயும், மூச்சும் ஓடும். நின்றால் மூச்சு நின்றது. தூண்டிலில் மாட்டிய சூரை ரீலிலிருந்து நூறு மீட்டர் நரம்பை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு ஓடும்போது தசைகளில் அமிலம் சேர்கிறது, உடற்சூடு ஏறுகிறது, ஆக்ஸிஜன் தேவை பெருகுகிறது. அந்த நிலையில் அது படகோரம் இழுக்கப்பட்டு, புகைப்படத்துக்காக அசையாமல் நிறுத்தப்படுகிறது. தேவை மிகுதியாக இருக்கும் வேளையில் மூச்சு தடைபடுகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1990களின் நடுவில் மத்தியதரைக் கடலில் ஒரு புதிய தொழில் வேர்விட்டது. சுருக்குமடி வலையில் சூரைக் கூட்டத்தை வளைத்து, உயிரோடு மிதக்கும் கூண்டுகளுக்கு மாற்றி, மாதக்கணக்கில் தீனிபோட்டுக் கொழுக்கவைத்து, ஜப்பானின் சுஷி சந்தைக்கு அனுப்பும் தொழில். பிரான்சின் சூரைக் கப்பல்களுக்குத் தாய்த்துறை சேத்தான். ஆனால் அந்தக் கப்பல்கள் ஊர்க்கடலில் பிடிக்கவில்லை. மே கடைசியிலிருந்து ஜூன் வரை பலேரிக் தீவுகள், மால்டா என்று மீன் முட்டையிடக் கூடும் இடங்களுக்கே சென்றன. அவை பிடித்த மீன்களில் பெரும்பகுதி சேத் துறைமுகத்தைப் பார்த்ததே இல்லை. வலையிலிருந்து கூண்டு, கூண்டிலிருந்து இழுவைக் கப்பல், அங்கிருந்து பண்ணை. எடை போட்டது எப்போது? மாதங்கள் கழித்து, கொழுத்த பிறகு, அறுத்த பிறகு. பண்ணையில் எடை கூடியது எவ்வளவு, கடலிலிருந்து எடுத்தது எவ்வளவு, வழியில் செத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியவில்லை. 2007இல் கிழக்கு அட்லாண்டிக்குக்கும் மத்தியதரைக் கடலுக்கும் சேர்த்து அனுமதிக்கப்பட்ட அளவு 29,500 டன். அந்த ஆண்டு உண்மையில் பிடிபட்டது 61,000 டன்னை எட்டியிருக்கும் என்று, இந்த மீனை நிர்வகிக்கும் பன்னாட்டு ஆணையமான இக்காட்டின் அறிவியல் குழுவே பிற்பாடு மதிப்பிட்டது. இரண்டு மடங்குக்கும் மேல். பிரான்சும் தன் ஒதுக்கீட்டை மீறியது. மீறியதைப் பின்வந்த ஆண்டுகளின் பங்கிலிருந்து கழித்துக் கட்ட வேண்டிவந்தது.

அந்த அழிவுக்குப் பேராசைதான் காரணம் என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. பேராசை எல்லாத் தொழிலிலும் உண்டு, எல்லாத் தொழிலும் ஒரே தலைமுறையில் தன் மூலதனத்தைத் தின்றுவிடுவதில்லை. இங்கே கூடுதலாக நடந்தது, எண்ணும் இடம் தவறிப்போனது. மீன் கடலைவிட்டு மனிதன் கைக்குள் வருவது வலை இறுகும் கணத்தில். எண்ணியதோ வெகு தொலைவில், வெகு காலம் கழித்து. இடையில் இருந்த அந்த இருட்டில்தான் எல்லாத் திருட்டும் ஒளிந்துகொண்டது. 2010 மார்ச்சில் கத்தாரின் தோஹாவில் நடந்த கூட்டத்தில், இந்த மீனின் உலக வணிகத்தையே தடைசெய்ய வேண்டும் என்று மொனாக்கோ முன்மொழிந்தது, தோற்றது. ஆனால் அந்த அச்சுறுத்தல் வேலை செய்தது. ஆண்டு அளவு 2010இல் 13,500 டன்னாகவும் 2011இல் 12,900 டன்னாகவும் வெட்டப்பட்டது. சுருக்குமடிக் கப்பல்கள் குறைக்கப்பட்டன. கப்பலிலும் பண்ணையிலும் கண்காணிப்பாளர்கள் ஏறினார்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. வலையிலிருந்து கூண்டுக்கு மாறும் மீன்களை நீருக்கடியில் படமெடுப்பதும், பண்ணைக் கூண்டுக்குள் விடும்போது இரட்டைக் கண் கேமரா கொண்டு அவற்றில் ஒரு பகுதியின் நீளத்தை அளப்பதும் கட்டாயமாயின. எண்ணும் இடம், அறுக்கும் மேசையிலிருந்து பிடிக்கும் கடலை நோக்கி நகர்ந்தது.

பலன் கண்கூடு. 2023 முதல் 2025 வரை ஆண்டு அளவு 40,570 டன். 2011இல் அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்ட அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையை, 2021இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கவலைக்கிடம் குறைந்த இனங்களின் வரிசைக்கு மாற்றியது. நல்ல குஞ்சு பொரிந்த ஆண்டுகள் சில வாய்த்ததும் இதற்கு உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பொரிந்த குஞ்சை வளரவிட்டது கட்டுப்பாடுதான். சேத்தின் தூண்டில்காரர்கள் இன்று கரையோரமாகவே பெரிய சூரையைக் காண முடிவதும் அந்தக் கட்டுப்பாட்டின் விளைவே. கணக்கெழுதியதால் திரும்பி வந்த மீனைத்தான் அவர்கள் துரத்துகிறார்கள். கணக்கு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைக்காலச் சான்று இருக்கிறது. 2018இல் யூரோபோலும் ஸ்பெயினின் காவல் படையும் தாரந்தேலோ என்ற பெயரில் நடத்திய நடவடிக்கையில், மால்டா, இத்தாலிக் கடல்களிலிருந்து ஸ்பெயின் சந்தைக்குக் கள்ளத்தனமாகச் சூரை அனுப்பிய வலையமைப்பு பிடிபட்டது. 79 பேர் கைது. அந்தக் கள்ள வணிகம் ஆண்டுக்கு 2,500 டன் இருக்கும் என்பது விசாரித்தவர்களின் மதிப்பீடு. இருட்டு எங்கே மிச்சமிருந்தாலும் மீன் அந்த வழியாகவே போகும்.

இங்கே முதல் எதிர்ப்பு எழும், நியாயமான எதிர்ப்பு. ஆயிரக்கணக்கான டன் அள்ளும் சுருக்குமடிக் கப்பலையும் 6 மீட்டர் படகில் ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடும் ஓய்வுபெற்ற தபால்காரரையும் ஒரே தராசில் நிறுத்தலாமா? பிரான்சில் பொழுதுபோக்கு மீன்பிடிக்கு ஒதுக்கப்படுவது நாட்டுப் பங்கில் ஏறத்தாழ 1 சதவீதம். 2020இல் நாட்டின் பங்கு 6,000 டன்னைச் சற்றுத் தாண்டியது. அப்படியானால் 60 டன். சராசரி 50 கிலோ என்று வைத்தால் 1,200 மீன். முழு நாட்டுக்கும் அவ்வளவே. இதைப் பெரிய விஷயமாக்குவது சிறியவரை நெருக்குவதாகாதா? கரைக்கு வரும் மீனை மட்டும் பார்த்தால் அந்தக் கேள்வி சரி. ஆனால் 1,200 என்பது கொண்டுவந்தவை. மாட்டியவை எத்தனை என்பதற்கு ஒதுக்கீட்டில் இடமே இல்லை என்பதுதான் சிக்கல். தவிர, சிறியவர்கள் பலராக இருக்கும்போது சிறுமை பெருகும் என்பதை ஐரோப்பா வடகடலோரக் கொடுவா இனத்தில் ஏற்கெனவே கற்றது. அங்கே பொழுதுபோக்குத் தூண்டிலில் இறக்கும் கொடுவா மொத்தப் பிடிப்பில் கால்வாசிக்கு அருகே வரும் என்று அறிவியலாளர்கள் கண்டபோது பலரும் நம்பவில்லை. 2015இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 மீன் என்று வரம்பு வந்தது. மறு ஆண்டே, ஆண்டின் முற்பாதியில் ஒன்றையும் எடுக்கக் கூடாது, பிற்பாதியில் ஒன்று மட்டும் என்று அது இறுகியது. முன்பே எண்ணியிருந்தால் இவ்வளவு திடீரென்று கயிற்றை இறுக்க வேண்டியிருந்திருக்காது. பிரான்சில் கடலில் பொழுதுபோக்காக மீன்பிடிப்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர் என்பது 2000களின் பிற்பகுதியில் எடுத்த கணிப்பு. அவர்களில் சூரையைத் துரத்துகிறவர்கள் சிறு பங்கினரே. ஆனாலும் அந்தச் சிறு பங்கு வளர்கிறது, ஏனென்றால் மீன் வளர்ந்திருக்கிறது.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிட வலுவானது. விடுவித்த மீன் சாவதில்லையே, பின் எதை எண்ணுவது? இதற்குச் சான்றும் உண்டு. கனடாவின் செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில், தூண்டிலில் பிடித்த பெரிய சூரைகளுக்குச் செயற்கைக்கோள் குறிகளைப் பொருத்தி விட்டபோது, இறந்தவை 4 சதவீதத்துக்கும் குறைவு. நல்ல ஆய்வு, மகிழ்ச்சியான முடிவு. ஆனால் அந்த எண்ணை அப்படியே பெயர்த்து லயன் வளைகுடாவில் நட முடியாது. கனடாவில் கனமான கருவியோடு, தேர்ந்த படகோட்டிகள், குளிர்ந்த நீரில் செய்த வேலை அது. லயன் வளைகுடாவில் காற்று ஓய்ந்த ஆகஸ்ட் நாட்களில் மேல்நீர் 24 டிகிரியைத் தொடும். மிஸ்ட்ரால் ஓங்கி அடித்த மறுநாள் சட்டென்று குளிர்ந்துவிடும். சூடான நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் குறைவு என்பது பள்ளிப் பாடம். மெல்லிய நரம்பும் இலகுவான தூண்டிற்கோலும் கொண்டு பெரிய மீனோடு மல்லுக்கட்டுவதே வீரம் என்று எண்ணும் பழக்கமும் இருக்கிறது. போராட்டம் நீளும், அந்த நீட்சிக்கு விலை கொடுப்பது மீன். பொய் இரையில் தொங்கும் மும்முள் தூண்டில் செவுளில் குத்துவதற்கும், வாயோரத்தில் பிடிக்கும்படி வடிவமைத்த வட்டமுள் தூண்டில் பிடிப்பதற்கும் வித்தியாசம் மிகப் பெரிது. கையில் செத்த மீனைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆனால் விட்ட பிறகு ஆழத்தில் ஒரு மணி நேரம் கழித்துச் சாகும் மீனை யார் பார்ப்பது? 4 சதவீதமா, 10 சதவீதமா என்பது இடத்தையும் பருவத்தையும் கருவியையும் கையையும் பொறுத்தது. எந்தச் சதவீதமாக இருந்தாலும் அதைப் பெருக்குவதற்கு ஓர் எண் வேண்டும். மாட்டிய மீன்களின் எண்ணிக்கைதான் அந்த எண். அதை எழுதிவைக்காதவர்கள், விடுவித்த மீன் சாவதில்லை என்றும் வாதிட முடியாது.

எதிர்த்திசையிலிருந்து வரும் மறுப்பையும் கேட்க வேண்டும். எண்ணுவதென்ன, விளையாட்டுக்காக ஓர் உயிரை வதைப்பதையே நிறுத்துங்கள் என்பது அது. சுவிட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், திருப்பி விடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதையே தடைசெய்கிறது. உண்பதற்கானால் பிடி, வேடிக்கைக்குப் பிடித்து விடாதே என்பது அதன் தர்க்கம். மீனுக்கு வலியுண்டா என்ற கேள்வியில், 2003இல் லின் ஸ்னெடன் குழு வானவில் டிரவுட் மீன்களின் முகத்தில் வலியுணரும் நரம்புமுனைகள் இருப்பதைக் காட்டியது. அதைத் தாண்டி மீன் அதை எப்படி அனுபவிக்கிறது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு இந்தத் தர்க்கத்தின் ஒரு பாதி முழுவதும் ஏற்புடையது. ஒரு சூரையைப் பிடித்து, விரைவாகக் கொன்று, ஐஸில் வைத்து, வீட்டுக்கும் அண்டை வீட்டுக்கும் கொடுத்துவிட்டு அன்றைக்குத் தூண்டிலைச் சுருட்டி வைப்பவரை, பத்து மீனை அடுத்தடுத்துப் பிடித்துப் படமெடுத்து விட்டுவிடுபவரைவிடக் கடலுக்கு நல்லவராகக் கருதுகிறேன். விடுவிப்பதே மேலான அறம் என்று கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்துள்ள எண்ணம், ஒன்றோடு நிறுத்து என்ற பழைய அறத்தை மறக்கடித்துவிட்டது. ஆனால் முழுத் தடை என்ற மறுபாதியில் நான் உடன்படவில்லை. கடலைத் தெரிந்தவர்கள், அதன் நிறமாற்றத்தையும் பறவையின் போக்கையும் படிக்கத் தெரிந்தவர்கள், கரையில் இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத கடலுக்காகக் குரல் கொடுக்க அலுவலகங்கள் மட்டுமே மிஞ்சும்.

மூன்றாவது எதிர்ப்பு சுதந்திரத்தைப் பற்றியது. பிரான்சில் கடலில் தூண்டில் போடப் பொதுவான உரிமச் சீட்டு கிடையாது. அந்த உரிமையைத் தலைமுறைகளாகத் தங்களுடையதாக நினைக்கிறார்கள். சேத்தில் அதன் அழகான வடிவம் இலையுதிர் காலத்தில் தெரியும். நெற்றியில் பொன்னிறப் பட்டை தரித்த தொராத் மீன்கள் கோடை முழுவதும் தோ உப்பங்கழியில் மேய்ந்து கொழுத்து, நீர் குளிரத் தொடங்கியதும் கால்வாய்கள் வழியே கடலுக்குத் திரும்பும். அந்த வாரங்களில் கால்வாய்க் கரையெங்கும், திரைப்பட இயக்குநர் ஆனியெஸ் வார்தா 1955இல் தன் முதல் படத்துக்குக் களமாக்கிய புவாந்த் கூர்த் மீனவர் குடியிருப்பு வரை, தோளோடு தோள் உரசத் தூண்டில்காரர்கள் நிற்பார்கள். தாத்தாவும் பேத்தியும், வேலை முடித்து வந்த கடைக்காரரும், விடியலிலேயே இடம்பிடித்தவரும். இவர்கள் கையில் பதிவேட்டைக் கொடுப்பது அபத்தம். நான் கேட்பதும் அதுவல்ல. எல்லா மீன்களுக்கும் ஒரே சட்டம் பொருந்தாது. தொராத் வேறு, கடல்களைக் கடந்து பல நாடுகள் பங்குபோட்டுக்கொள்ளும் நீலத்துடுப்புச் சூரை வேறு. கரையில் நிற்பவருக்கு ஏற்கெனவே ஒரு நல்ல, எளிய விதி இருக்கிறது. 2011 மே மாத ஆணைப்படி, பொழுதுபோக்காகப் பிடித்த குறிப்பிட்ட இன மீன்களின் வால் துடுப்பில் கீழ்ப்பகுதியை வெட்டிவிட வேண்டும். வால் வெட்டுப்பட்ட மீனை உணவகத்துக்குக் கள்ளமாக விற்க முடியாது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஒரு கத்தரிக்கோல் போதும், படிவம் வேண்டாம். சட்டம் செய்கிறவர்களுக்குக் கைவேலை தெரிந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

சூரைக்கு மட்டும் பதிவு வேண்டும் என்பதில் தூண்டில்காரர்களின் சொந்த நலனும் அடங்கியிருக்கிறது. மீன் ஒதுக்கீட்டு உலகில் நேற்றைய பதிவே இன்றைய உரிமை. பிரான்சில் சூரைப் பங்கைப் பிரித்தபோது கப்பல்களின் பழைய பிடிப்புப் பதிவுகள் அடிப்படையாயின. அதனால் அதிகம் பிடித்துப் பதிவு செய்த பெரிய கப்பல்களுக்குப் பெரும்பங்கு போயிற்று. ஊர்க்கடலில் ஒவ்வொன்றாகத் தூண்டிலில் பிடித்த சிறு மீனவர்கள் எஞ்சியதற்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. அவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள். சேத்தை மையமாகக் கொண்ட சாத்தோவான் உற்பத்தியாளர் அமைப்பின் சிறு படகுகள், பிடித்த ஒவ்வொரு சூரையிலும் எண்ணிட்ட அட்டையைக் கட்டிச் சந்தைக்கு அனுப்புகின்றன. எந்தப் படகு பிடித்தது என்று வாங்குகிறவர் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பதிவு அவர்களுக்குச் சுமையாக இல்லை, விலையாக மாறியது. பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களோ ஒவ்வோர் ஆண்டும் தங்கள் பங்கு போதவில்லை என்று முறையிடுகிறார்கள். எத்தனை படகு, எத்தனை நாள், எத்தனை மீன் மாட்டியது என்று காட்ட ஏடு இல்லாமல் அந்த முறையீடு வெறும் குரலாகவே நிற்கிறது.

எண்ணாதபோது வதந்தி எப்படி அரசாளும் என்பதற்கு லயன் வளைகுடாவே ஒரு சான்று வைத்திருக்கிறது. 2008ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி இங்கே மத்தி மீன்கள் சிறுத்துப்போயின. முன்பு 15 சென்டிமீட்டரும் 30 கிராமும் இருந்தவை 11 சென்டிமீட்டருக்கும் 10 கிராமுக்கும் சுருங்கின. அவ்வளவு சிறிய மத்தியை யார் வாங்குவார்? மத்தி இழுத்துப் பிழைத்த படகுகள் பல தொழிலை விட்டன. சூரை பெருகியதும் மத்தி சிறுத்ததும் ஏறக்குறைய ஒரே காலம் என்பதால், சூரைதான் மத்தியைத் தின்று தீர்க்கிறது என்ற பேச்சு துறைமுகமெங்கும் பரவியது. இஃப்ரெமேர் என்ற பிரெஞ்சுக் கடல் ஆய்வு நிறுவனத்தின் அறிவியலாளர்கள் சூரைகளின் இரைப்பையைத் திறந்து பார்த்தும், 2000ஆம் ஆண்டு தொடங்கி விமானத்திலிருந்து சூரைக் கூட்டங்களை எண்ணிவந்த பதிவுகளை வைத்தும் கணக்கிட்டார்கள். வளைகுடாவிலுள்ள மத்தி மீன்களில் சூரை தின்பது மிகச் சிறு பங்குதான் என்று தெரிந்தது. மத்தி உண்ணும் மிதவை நுண்ணுயிர்களில் ஏற்பட்ட மாற்றமே முதன்மைக் காரணமாகப்பட்டது. விமானக் கணக்கு இல்லாமலிருந்தால் சூரையைக் கொல்லச் சொல்லும் குரல் வென்றிருக்கலாம். ஆனால் விமானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு மேல்மட்டத்தில் நீந்தும் கூட்டம்தான் தெரியும். ஜூலை முதல் அக்டோபர் வரை அதே நீரில் நாள்தோறும் இருக்கும் தூண்டில் படகுகள் எந்த இடத்தில், எந்த ஆழத்தில், எந்த நீளத்தில் மீனைச் சந்தித்தன என்று எழுதினால், எந்த ஆய்வுக் கப்பலாலும் திரட்ட முடியாத ஏடு ஒன்று உருவாகும்.

இது நடக்கக்கூடியதா என்ற ஐயம் இயல்பு. இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. சூரை மீண்டும் தென்மேற்கு இங்கிலாந்துக் கடலுக்கு வரத் தொடங்கியதும், 2021இல் பயிற்சி பெற்ற சில படகோட்டிகளுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, பிடித்த மீனுக்குக் குறி பொருத்தி விடும் திட்டத்தை அறிவியலாளர்களோடு சேர்ந்து தொடங்கினார்கள். அந்த அனுபவத்தை வைத்து 2024இல் உரிமம் பெற்ற விடுவிப்பு மீன்பிடியைத் திறந்தபோது, விடும்போது தவறி இறக்கும் மீன்களுக்கென்றே நாட்டின் ஒதுக்கீட்டில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்துவைத்தார்கள். விடுவித்த மீனும் கணக்கில் உண்டு என்று ஓர் அரசு ஒப்புக்கொண்டது அது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2023இல் திருத்திய மீன்வளக் கட்டுப்பாட்டுச் சட்டம், ஒன்றியத்தின் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட சில இனங்களைப் பிடிக்கும் பொழுதுபோக்கு மீன்பிடிப்போர் 2026 ஜனவரி முதல் பதிவு செய்துகொண்டு பிடிப்பை மின்னணு முறையில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. கதவு திறந்திருக்கிறது. அதில் எந்த எண்ணைக் கேட்பது என்பதே இனி மிஞ்சியிருக்கும் கேள்வி.

பொய் எழுதுவார்கள் என்பது கடைசி எதிர்ப்பு. சிலர் எழுதுவார்கள். சுருக்குமடிக் கப்பல்களும் எழுதின. அதற்காகத்தான் கேமரா வந்தது. 6 மீட்டர் படகில் கேமராவோ கண்காணிப்பாளரோ வைக்க முடியாது. ஆனால் பொய் சொல்லத் தூண்டும் காரணத்தைக் குறைக்கலாம். கரைக்குக் கொண்டுவரும் மீனுக்கு எண்ணிட்ட வளையம் வேண்டும் என்று பிரான்சில் இருப்பதுபோல், மாட்டும் மீனுக்கும் நாளொன்றுக்கு ஒரு வரம்பு போதும். இரண்டு என்று வைக்கலாம். வட்டமுள் தூண்டில் மட்டும், எதிர்க்கொக்கி நசுக்கியது. மீனின் எடைக்கேற்ற கனமான கருவி. நீரைவிட்டுத் தூக்காமல், படகை மெல்ல முன்னோக்கி ஓட்டிச் செவுளுக்குள் நீர் பாயும்படி மீனைக் கூடவே இழுத்துச் சென்று, அது தானாக வாலை அடிக்கும்போது விடுவது. கைபேசியில் நான்கு கட்டங்கள்: மாட்டிய நேரம், விட்ட நேரம், நீரின் வெப்பம், மீனின் நீளம். எழுத ஒரு நிமிடம் ஆகாது. இரண்டாவது மீன் நீருக்குள் மறைந்ததும் நரம்பைச் சுருட்டிக்கொண்டு துறைமுகத்துக்குத் திரும்ப வேண்டும், மாலை நான்கு மணிக்கு வானம் தெளிவாக இருந்து, படகைச் சுற்றிக் கடல் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தாலும்.